முட்டிவலி என்று சொன்னேன்

தம்பி,

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை போனில் கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், வைக்கப்போகும் நேரத்தில் ஒன்று கேட்டாய். "மெஹரு பெரியம்மா ஏம்மா எங்கிட்ட பேசமாட்டேங்குறாங்க? நான் இன்னா பண்ணேன்?" என்றாய். நான் உடனே, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, அவளுக்கு சுகர் ஏறி எறங்குது, யார்கிட்டயும் பேசறதில்ல" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு இல்லை. பெரியம்மா எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், இவ்வளவு நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. கம்பெனியிலிருந்து வந்து, சமையலை முடித்து, உன் காலேஜ் நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுதி முடித்துத் தபாலில் போடும் தைரியம் வரவேண்டுமே என்றுதான் பயமாக இருக்கிறது.

மெஹருன்னிசா பெரியம்மா உறவுக்காரி மாதிரி நம் வீட்டுக்கு வந்துபோனதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். நாங்கள் பழக்கமான கதை உனக்குச் சரியாகத் தெரியாது. நீ ஒன்பதாவது படிக்கும்போது எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வரிசையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம், திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்த கூட்டம். பக்கத்தில் கறுப்பு புர்கா போட்ட ஒருத்தி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ரத்தம் குடுத்த ஒடனே பிரிச்சிடுவேன். அதுவரைக்கும் கையிலயாவது இருக்கட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து நான் சிரித்ததே அன்றைக்குத்தான். பேசப் பேசத் தெரிந்தது, அவள் நம் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி மெத்தைக் கடை வைத்திருக்கும் ரஹீம் பாயின் மனைவி. என்னைவிட நாலு வயது பெரியவள். கடைக்கு வேண்டிய உறைகளையெல்லாம் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே டாக்டரம்மாதான் பார்த்தார். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்றும் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது? அவள் விடிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு வர ஐந்தேகால் ஆகும். ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும். குடத்தோடு நான் அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் தண்ணீர் இல்லை. நடுவில் கிடைப்பது முக்கால் மணி. ஒரு வாரம் நடந்து பார்த்தோம். காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. எட்டாவது நாள் அவள் பீச் ரோட்டில் நின்று, "ஒரு மணி நேரம் நடக்கறத அர மணில முடிக்கணும்னா இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள். "ஓடணும்" என்றேன் விளையாட்டுக்கு. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். இருபது எட்டு வைத்திருப்போம். இரண்டு பேரும் கடலோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இளைத்தோம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள் ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான். புடவை தடுக்குகிறது என்று அவள் எங்கள் இரண்டு பேருக்கும் தொளதொளவென்று பேன்ட்டும் நீளச் சட்டையும் தைத்தாள். கடையில் மிஞ்சிய மெத்தை உறைத் துணி, நீலக் கோடு போட்டது. அவள் தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவாள். நான் நீ போட்டுக் கழித்த வெள்ளை கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொள்வேன், முன்னால் பஞ்சை அடைத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் அங்கே தினமும் உட்கார்ந்திருப்பார். எங்களைக் கண்டால், "அலே, அலே!" என்று கை தட்டுவார். போ, போ என்று அர்த்தமாம். அதை நாங்கள் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொண்டோம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அவள் என்னைப் பார்த்து, "அலே புள்ள" என்பாள். நாலு மாதத்தில் டூப்ளே சிலையிலிருந்து பீச் ரோட்டின் மறுகோடி வரை நிற்காமல் ஓடினோம். அன்றைக்கு அவள் அழுதாள். "நாப்பத்திமூணு வயசுல எனக்குன்னு ஒண்ணு கெடச்சிருக்கு" என்றாள்.

ஓடி முடித்ததும் சுவர்மேல் உட்காருவோம். நான் காலை நீட்டுவேன், அவள் ஷூவைக் கழற்றி என் உள்ளங்காலைப் பார்ப்பாள். பிறகு அவள் காலை நான் பார்ப்பேன். குனிந்து தன் பாதத்தைத் தானே பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தொப்பை இடம் கொடுக்கவில்லை. கண்ணாடி போடாமல் எனக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது, அவள் காலைப் பார்க்கவென்றே அதைக் கையோடு கொண்டுபோவேன். அவளுக்குத் தையல்காரி கண். விரல் இடுக்கில் ஒரு மணல் துகள் இருந்தாலும் எடுத்துவிடுவாள். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. என் காலை யாரும் அப்படி மடியில் வைத்துப் பார்த்ததில்லை, உன் அப்பாகூட.

விட்டுவிட எனக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது, தம்பி. ஷிப்ட் மாறும். மழை வரும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பேக்கிங் செய்துவிட்டு வந்தால் மறுநாள் எழுந்திருக்கவே உடம்பு வராது. நோன்பு மாதத்தில் அவள் ஓடமாட்டாள், அந்த முப்பது நாள் எனக்கு விடுமுறை மாதிரி இருக்கும். பெருநாள் முடிந்த மறுநாளே தெருமுனையில் வந்து நின்றுகொண்டு தொண்டையைக் கனைப்பாள். காரைக்காலில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று ஒருமுறை மூன்று மாதம் போய்விட்டாள். திரும்பி வந்து முதல் நாள் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் போச்சி. மொதல்லேந்து ஆரம்பிக்கணும்" என்றாள். ஆரம்பித்தாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். எப்போதும் அவள் முன்னால் ஓடுவாள், நான் பின்னால். ஒரு நாள்கூட நான் போய் அவளை எழுப்பியதில்லை. எல்லா நாளும் அவள்தான் வந்து கனைத்தாள். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் நான் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

நீ பிளஸ் டூ படிக்கும் வருஷம், ஒரு சாயங்காலம் டியூஷனிலிருந்து வந்து பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எனக்கு நீ போட்டிருந்த சட்டைகூட ஞாபகம் இருக்கிறது.

"யம்மா, நாளைலேந்து நீ ஓடப் போவாத."

"ஏன்டா?"

"பசங்க பீச் ரோட்டுல பாத்துருக்கானுங்க. 'டேய், உங்கூட்டு மெத்த ஓடுதுடா'ன்றானுங்க. இன்னிக்கு கிளாஸே சிரிச்சிது. நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

உன் அப்பா அப்போதுதான் ஜவுளிக் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "அவ ஒடம்புக்குத்தானடா ஓடுறா" என்று மெதுவாகச் சொன்னார். நான்தான் அவரை அடக்கினேன். "விடுங்க, வயசுப் பையன், அவன் சொல்றதும் சரிதான். நான் போவல" என்றேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தாய். மகனுக்காக அம்மா விட்டுக்கொடுத்தாள் என்று அன்றைக்கு இந்த வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் கனைப்புச் சத்தம் கேட்டபோது, நான் போர்வைக்குள் கிடந்துகொண்டு முதலில் நினைத்தது உன்னை இல்லை. அப்பாடா, இனிமேல் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன்.

எழுந்து கதவைத் திறந்து, தெருமுனைக்குப் போய், "முட்டி வலிக்குதுக்கா. ரெண்டு நாளு பாக்கறேன்" என்று சொன்னேன். மகன் வேண்டாம் என்கிறான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓட எனக்கே பிடிக்கவில்லை என்று சொல்ல அதைவிட வெட்கம். முட்டிவலிக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "ரெஸ்ட் எடு புள்ள" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். சாயங்காலம் ஏதோ எண்ணெயைக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தாள். உட்கார வைத்து, என் இரண்டு முட்டியிலும் தானே தேய்த்துவிட்டாள். "இங்கயா? இங்கயா?" என்று அழுத்தி அழுத்திக் கேட்டாள். நான் ஓர் இடத்தைக் காட்டி, "ஆமா, அங்கதான்" என்றேன்.

இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. அவள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பெரியவர் எங்கே உன் கூட்டாளி என்று கேட்டாராம். வாரத்துக்கு ஒருமுறை முட்டியை விசாரிக்க வருவாள். ஒரு நாள்கூட நான் அவள் பாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நீ வா என்று கூப்பிடுவாளோ என்று பயந்து, ஓடுகிற பேச்சையே எடுக்காமல் இருந்தேன்.

ரஹீம் பாய்தான் முதலில் கண்டுபிடித்தார், அதுவும் தப்பாக. வீட்டில் ஏதோ நாற்றம் அடிக்கிறது, கடைப் பஞ்சு மூட்டையில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, ஒரு நாள் முழுக்க மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துத் தேடினாராம். மூட்டையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் தற்செயலாகப் பெடலில் இருந்த கால் வீங்கியிருப்பதைக் கண்டு தூக்கிப் பார்த்திருக்கிறாள். வலது உள்ளங்காலில் ஓர் உடைந்த கண்ணாடிச் சில்லு, அரை நகத்தளவு. எத்தனை நாளாக இருந்ததோ. அவளுக்கு வலிக்கவே இல்லை. காய்ச்சல் அடித்ததைக்கூட மழைக்காலக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு, அதோடும் ஓடியிருக்கிறாள். கோரிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பாயிடம் சொன்னார். பாய் அதை என்னிடம் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில், வலியே இல்லாத என் இரண்டு முட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

நீ அப்போது அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பெரியம்மாவைப் பார்க்க வந்து, கட்டிலில் போர்வை ஓர் இடத்தில் தட்டையாகிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். நான் உள்ளேயே இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் கூட இருந்திருந்தா மறுநாளே பாத்திருப்ப. இன்னா பண்றது, ஒனக்கு முட்டி போச்சி, எனக்குப் பாதம் போச்சி. நம்ப ரெண்டு பேருக்குமே காலு சரியில்ல புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் படுத்திருக்கிறாள், பலவீனமாக இருக்கிறாள், இப்போது சொல்வது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லாமல் இருக்க ஒவ்வொரு மாதமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

ஒரு வருஷம் கழித்துச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அது பழகிய மூன்றாவது வாரம், விடிகாலையில் தெருமுனையில் அதே கனைப்பு. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. போய்ப் பார்த்தால், தடியை ஊன்றிக்கொண்டு, அந்த நீலக் கோட்டுச் சட்டையோடு நிற்கிறாள். "என்னால ஓட முடியாது. நீ மெதுவா நடந்து பாரு, முட்டி தாங்குதான்னு. நான் பெஞ்சில ஒக்காந்து பாக்கறேன்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முட்டிவலிக்காரி மாதிரி தாங்கித் தாங்கி நடந்தேன். ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருப்பவள் முன்னால், நல்ல காலை நொண்டிக்கொண்டு நடந்தேன். ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் "குணமாக்கி", மறுபடியும் ஓடினேன். அவள் பெஞ்சிலிருந்து பெரியவர் மாதிரியே கை தட்டினாள். அவளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு விளக்குக் கம்பம் வரை நடந்தாள். அடுத்த வாரம் இரண்டாவது கம்பம். புண்பட்டு ரத்தம் கசிந்தால் பத்து நாள் நிறுத்துவாள், மறுபடி முதல் கம்பத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்த டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் வந்தது. கற்சுவர் இருந்ததால் பீச் ரோட்டுக்கு அதிகம் ஆகவில்லை, ஆனால் இரண்டு பக்கத்துக் குப்பங்களிலும் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை நாங்கள். சித்திரையில் அவள்தான், "போலாம் வா" என்றாள். நான் தயங்கினேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி வந்துச்சின்னா நீ ஓடிடுவ. நான்?"

"ஒன்ன உட்டுட்டு நான் ஓடுவனாக்கா?"

"ஓடுவ. ஓடணும். ஒனக்குப் புள்ள இருக்கான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும்தான் தெரியும், நான் ஏற்கெனவே ஓடிப்போனவள் என்று.

இப்படியே வருஷங்கள் போயின. நீ காலேஜ் முடித்து வேலைக்குச் சென்னை போனாய். வருஷத்துக்கு இரண்டு தடவை அவள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து என் முட்டிக்குத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், தரையில் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செயற்கைக் கால் என் கணுக்காலில் பட்டுச் சில்லென்று இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, எனக்கு முட்டிவலியே கெடையாதுக்கா. அப்பவும் கெடையாது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கை நின்றது. "பின்ன ஏன் வரல?" என்று கேட்டாள்.

தம்பி, இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருந்தது. அவள் அப்படிக் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "எம் பையன் வேணாம்ட்டான்கா. பசங்க கிண்டல் பண்றானுங்கன்னு அழுதான். நான் இன்னா பண்ணுவேன்?"

நீ அழவில்லை. அதையும் நான்தான் சேர்த்துச் சொன்னேன்.

அவள் என் காலை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "அவனா?" என்றாள். "எத்தினி நோன்புக்கு அவனுக்குன்னு தனியா கஞ்சி எடுத்து வெச்சிருப்பேன்" என்றாள். எண்ணெய் பாட்டிலை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்துவிட்டாள். என்மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் என்மேல் பரிதாபம். பிள்ளை பேச்சைத் தட்ட முடியாத அம்மா என்று. கோபம் முழுக்க உன்மேல் போயிற்று. நான் அதைப் போகவிட்டேன்.

தீபாவளிக்கு நீ வந்தபோது ஸ்வீட் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாய். அவள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. பாய்தான் வாங்கி வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு வந்தபோது வழியில் பார்த்து, "பெரியம்மா" என்று கூப்பிட்டாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நீ வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். "காபி போடவா?" என்று கேட்டேன்.

உன் மேல் பழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ அன்றைக்குப் பேசியது தப்பு. ஆனால் பதினேழு வயசுப் பையன் ஒரு சாயங்காலம் பேசிய பேச்சு அது. அதற்கு அடுத்து நடந்ததை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் நிறுத்தி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். நீ பல் தேய்த்துக்கொண்டே வந்து, "இன்னாம்மா, ஓடப் போவல? நான் அன்னிக்கு ஏதோ கோவத்துல சொன்னேன். நீ போம்மா" என்றாய். நான் உன்னிடமும், "இல்லப்பா, முட்டி வலிக்குது" என்றேன். நீ நம்பிவிட்டாய். நீ சொன்னதை விலக்கிக்கொண்ட பிறகும் நான் போகவில்லை. இரண்டு மாதம் தூங்கினேன். அந்தத் தூக்கம் நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல், உன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு வருஷம் ஒளிந்திருந்தேன்.

நீ போனில் கேட்ட மறுநாள், திங்கட்கிழமை காலையில், ஓடுவதற்கு முன்னாலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பல் தேய்த்துக்கொண்டே சொன்னதை, நான் தூங்கியதை, நொண்டி நடித்ததை, எதையும் விடவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் தடியை ஊன்றி எழுந்தாள். பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள். தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். அவ்வளவு தூரம் அவள் நிற்காமல் நடந்து நான் பார்த்ததில்லை. பத்தடி பின்னால் நானும் போனேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

செவ்வாய், புதன், வியாழன் வரவில்லை. அந்த மூன்று நாளும் முதல்முறையாக நான் அவள் வீட்டுத் தெருமுனைக்குப் போய் நின்றேன். கனைக்கத் தைரியம் இல்லாமல் சும்மா நின்றேன். வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. வந்தாள். "நட" என்றாள். பீச் ரோடு வரை அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஓடு" என்றாள். ஓடினேன். கண்ணில் தண்ணீர் வந்து வழி தெரியவில்லை. திரும்பி வந்ததும் என் ஷூவைக் கழற்றச் சொல்லி, எப்போதும்போல உள்ளங்காலைப் பார்த்தாள், விரல் விரலாக. பிறகு அவளுக்கு மிச்சமிருக்கும் காலை நான் பார்க்கக் கையை நீட்டினேன். இழுத்துக்கொண்டாள். "அத மருமவ பாத்துக்குவா" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். என் காலை அவள் பார்க்கிறாள். அவள் காலை எனக்குக் காட்டுவதில்லை. நான் தினமும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன்னோடு வாழ வரும் பெண் ஏதோ ஒன்றை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், தோழியைப் பார்ப்பதோ, பாட்டோ, ஷட்டில் ஆடுவதோ எதுவாக இருந்தாலும், உனக்காக விட்டதாக நினைத்துப் பெருமைப்படாதே. ஏன் என்று கேள். ஒரு தடவை கேட்டு அவள் சொன்ன பதிலோடு போய்விடாமல் இன்னொரு தடவையும் கேள். முட்டிவலி என்று சொன்னால் உட்கார வைத்து முட்டியைப் பார். இந்த வீட்டில் அன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தால், நான் மாட்டிக்கொண்டிருப்பேன். உன்மேல் குறையாக இதைச் சொல்லவில்லை. நானும் அவளுடைய பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள்தானே.

நேற்று காலையில் பத்திரிகை கொடுக்கும் பேச்சை மெதுவாக எடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "பத்திரிக நீ குடுக்காத. அவன் வந்து குடுக்கட்டும். ஒரு வருஷமா ஒரு பாவமும் அறியாத புள்ளகிட்ட மூஞ்சியத் திருப்பிக்கினு போயிருக்கேன். அவன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்" என்றாள். அவள் கேட்கக் கூடாது, கேட்க விடாதே. அன்றைக்கு நீ சொன்ன வார்த்தைக்கு நீதான் முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது உன் பாடு, அவள் பாடு. நான் அங்கே இருக்க மாட்டேன்.

"அப்ப என்ன மன்னிச்சிட்டியாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவள் யோசித்துவிட்டு, "ஒன்ன இன்னா பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல புள்ள. தெரியற வரைக்கும் காத்தால வந்து நில்லு" என்றாள்.

இதைப் படித்த பிறகு உனக்கும் என்னை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கலாம். போன் செய்யாமல் இருந்தாலும் நான் புரிந்துகொள்வேன், என்ன ஆயிற்று என்று கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் செய். சனிக்கிழமை வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போ. எவ்வளவு நேரம் ஆனாலும் இருந்து பேசு. அதற்கப்புறம் மனது வந்தால் நம் வீட்டுக்கு வா.

அம்மா